கொழும்பின் மழையும் தாழ்நிலமும் தோட்ட வீடுகளும்

கொழும்பு மாநகரில் வாழ்வோருக்கு மழை புதிதன்று. ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீற்றர் அளவில் மழைவீழ்ச்சியைப் பெறும் நகரம் இது. ஆயினும், ஒருமணி நேரம் மழை கொட்டினாலே ஆமர் வீதிச் சந்தி குளமாகிவிடுகின்றது. கிராண்ட்பாஸ் பகுதியில் கடைக்காரர்கள் அரிசி மூடைகளையும் சீனி மூடைகளையும் அவசர அவசரமாக மேலே அடுக்குகின்றனர். பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி முழங்கால் நீரில் நடக்கின்றனர். மறுநாள் பத்திரிகைகளில் படங்கள் வெளியாகின்றன. மாநகர சபை மீது குறை கூறப்படுகின்றது. நீர் வடிந்ததும் விடயமும் வடிந்துவிடுகின்றது.

இந்த அவலத்துக்கு மழையை மாத்திரம் காரணம் காட்டிவிட முடியாது. நகரின் நிலவமைப்பு, அதன் கால்வாய்கள், அக்கால்வாய்க் கரைகளில் வாழும் மக்களின் வீட்டுப் பிரச்சினை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவையாகும். இவற்றைத் தனித்தனியே நோக்கும்வரை வெள்ளமும் தீரப்போவதில்லை, வீட்டுப் பிரச்சினையும் தீரப்போவதில்லை என்பதே எமது கருத்தாகும்.

முதலில் பருவங்களைப் பார்ப்போம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேரே கொழும்பை நோக்கி வீசுகின்றது. காலிமுகத்திடலில் அலைகள் நடைபாதையின் மீது மோதித் தெறிப்பது இக்காலத்திலாகும். இதற்கு முன்னும் பின்னுமாக மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடைப்பருவக் காலங்கள் அமைகின்றன. காலையில் கடும் வெயில் எறிக்கும். நண்பகலில் புழுக்கம் தாங்க முடியாதிருக்கும். பிற்பகல் மூன்று, நான்கு மணியளவில் இடி மின்னலுடன் மழை கொட்டும். பாடசாலைப் புவியியல் நூல்களில் மேற்காவுகை மழை என நாம் படித்தது இதுவேயாகும். பருவமழை நாட்கணக்கில் பெய்யும். மேற்காவுகை மழையோ ஓரிரு மணித்தியாலங்களில் பெருமளவு நீரைக் கொட்டிவிடும். நகரத்தின் வடிகால்களைத் திணறடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை மழையே.

அவ்வாறு விழும் நீர் எங்கே செல்கின்றது? கொழும்பின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரத்தில் மாத்திரமே உள்ளது. வடக்கே, சிவனொளிபாதமலைத் தொடரில் ஊற்றெடுத்து 145 கிலோமீற்றர் தூரம் ஓடிவரும் களனி கங்கை முகத்துவாரத்தில் கடலுடன் கலக்கின்றது. கிழக்கே கொலன்னாவை முதல் கோட்டே வரை சதுப்பு நிலங்கள் பரந்து கிடக்கின்றன. நடுவே இருக்கும் பேரை வாவி, போர்த்துக்கேயர் தமது கோட்டையின் பாதுகாப்புக்கென நீரைத் தேக்கியதால் உருவானதாகும். ஒல்லாந்தர் கால்வாய்களை வெட்டி விரிவாக்கினர். பிரித்தானியர் 1802 முதல் 1804 வரையான காலப்பகுதியில் ஹமில்டன் கால்வாயை அமைத்தனர். ஒரு காலத்தில் கறுவாவும் தேங்காயும் ஏனைய சரக்குகளும் இந்நீர்வழிகளினூடாகவே படகுகளில் நகருக்கு வந்து சேர்ந்தன. வீதியும் புகையிரதமும் வந்த பின்னர் கால்வாய்களின் பயன் மறக்கப்பட்டது. அவை கழிவு நீரோடைகளாக மாறத் தொடங்கியதும் அப்போதுதான்.

சதுப்பு நிலத்தின் பணியைப் பலரும் அறிந்துகொள்வதில்லை. அது பயனற்ற சேற்று நிலமென்றே கருதப்பட்டு வந்துள்ளது. உண்மையில் அது நகரத்தின் நீர்த்தொட்டியாகும். பெருமழையின்போது மேட்டு நிலத்திலிருந்து பாய்ந்துவரும் நீரைத் தன்னுள் வாங்கி வைத்து, மெல்ல மெல்லக் கால்வாய்களுக்கு விடுவதே அதன் தொழில். கால்வாய்கள் அந்நீரை வெள்ளவத்தை, தெஹிவளை ஆகிய இடங்களில் கடலுக்கும், வடபுறத்தில் களனி கங்கைக்கும் கொண்டு செல்கின்றன. களனி கங்கை பெருக்கெடுத்துள்ள வேளையில் இந்த ஒழுங்கு முற்றாக மாறிவிடுகின்றது. மழைக்கால வானொலிச் செய்திகளில் 'நாகலகம் வீதியில் நீர்மட்டம் இத்தனை அடி' என்று அறிவிக்கப்படுவதை நேயர்கள் கேட்டிருப்பர். அங்கு கங்கையின் மட்டம் உயர்ந்துவிட்டால், ஆற்று நீர் நகரினுள் புகாதிருக்க மடைக்கதவுகளை மூட வேண்டியுள்ளது. கதவை மூடினால் உள்ளிருக்கும் மழைநீர் அவ்வழியாக வெளியேற முடியாது. அந்நேரத்தில் அதைத் தாங்கி வைக்கச் சதுப்பு நிலம் இருந்தாக வேண்டும். சதுப்பு நிலம் நிரப்பப்பட்டிருப்பின், நீர் வீடுகளுக்குள் வருவதைத் தவிர வேறு வழியில்லை.

இதனை நாடு பல தடவைகள் அனுபவித்துவிட்டது. 2010 நவம்பரில் ஓரிரவு பெய்த பெருமழையில், கோட்டேயில் தியவன்னா ஓயாவின் நடுவே அமைந்துள்ள பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் மூழ்கியது. சட்டமியற்றுவோரின் வாயிலுக்கே நீர் வந்த பின்னர்தான் வடிகால் பிரச்சினை தேசியப் பிரச்சினையாகப் பேசப்பட்டது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி பகுதிகளில் வீடுகளின் கூரைமட்டம் வரை நீர் ஏறியது. வெசாக் பண்டிகையும் ரமழான் நோன்பும் நெருங்கிவந்த வேளை அது. பள்ளிவாசல்களிலும் விகாரைகளிலும் கோயில்களிலும் இன, மத பேதமின்றி உணவு சமைத்துப் பகிரப்பட்டதை நாம் நன்றியுடன் நினைவுகூர வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைப் பலிகொண்டது. அப்போதும் களனி கங்கைக் கரையோர மக்கள் மீண்டும் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

ஒவ்வொரு தடவையும் எழும் குரல் ஒன்றேயாகும்: 'கால்வாய்க் கரைகளில் சட்டவிரோதமாகக் குடியேறியவர்களே வெள்ளத்துக்குக் காரணம்' என்பது அது. இக்கூற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால், அம்மக்கள் அங்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பதை ஆராயாமல் தீர்ப்புக் கூறுவது நியாயமாகாது.

கொழும்பில் 'தோட்டம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உள்ளன. கறுவாத்தோட்டம் என்றால் மர நிழல் வீதிகளும் விசாலமான மாளிகைகளும் நினைவுக்கு வருகின்றன. கொட்டாஞ்சேனையிலோ மருதானையிலோ 'தோட்டத்து வீடு' என்றால், ஒரு பொதுக் குழாயையும் ஒரு பொதுக் கழிவறை வரிசையையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் ஒற்றை அறை வீடுகள் என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் விரிவடைந்தபோது செல்வந்தர்கள் வடகொழும்பை விட்டுத் தென்புறம் நகர்ந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற வளவுகளில் வரிசை அறைகள் கட்டப்பட்டுத் துறைமுகத் தொழிலாளருக்கும் களஞ்சியத் தொழிலாளருக்கும் வாடகைக்கு விடப்பட்டன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் மலையாளிகளும் ஒரே குழாயடியில் வரிசையில் நின்று நீர் பிடித்த இடங்கள் அவை. அங்கும் இடமில்லாது போனவர்களே கால்வாய்க் கரைகளுக்கும் புகையிரதப் பாதையோரங்களுக்கும் சென்றனர். எவரும் விரும்பாத நிலம் என்பதனாலேயே அது அவர்களுக்குக் கிடைத்தது.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் கணக்கின்படி, வசதி குறைந்த குடியிருப்புகளில் சுமார் 68 ஆயிரம் குடும்பங்கள் வாழ்ந்து வந்துள்ளன. அவை மாநகர சனத்தொகையில் ஏறத்தாழ அரைப்பங்காகும். அவர்கள் வாழ்ந்த நிலமோ சுமார் 900 ஏக்கர் மாத்திரமே; அதாவது, நகரின் பத்தில் ஒரு பங்கு. மீதி நிலம் எவ்வாறு பயன்படுகின்றது என்பதைச் சிந்திப்போர், சதுப்பு நிலத்தை விழுங்கியது ஏழையின் குடிசை மாத்திரமன்று என்பதை உணர்வர். களஞ்சியசாலைகளும் தொழிற்சாலைகளும் அரச கட்டடங்களும் வசதிபடைத்தோரின் வீட்டுத் திட்டங்களும் தாழ்நிலங்களை மண்ணிட்டு நிரப்பியே எழுந்துள்ளன. பலகை வீட்டைச் சட்டவிரோதம் என அழைக்கும் நாம், அனுமதிப் பத்திரத்துடன் நிரப்பப்பட்ட சதுப்பு நிலத்தை அபிவிருத்தி என அழைக்கின்றோம். நீருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

நகரின் குப்பையும் இதே தாழ்நிலத்திலேயே குவிக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். நகரத்தார் வீசியெறிந்த கழிவின் கீழ் புதையுண்டவர்கள், அந்நகரத்தின் விளிம்பில் வாழ்ந்த எளிய குடும்பத்தினராவர். அதே ஆண்டில் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோய்க்குள்ளாகினர். குப்பையும் தேங்கிய நீரும் சேரும் இடத்தில் நோய் பிறப்பது தவிர்க்க முடியாதது.

வீட்டுப் பிரச்சினைக்குத் தீர்வு காண அரசுகள் முயலவில்லை என்று கூற முடியாது. 1973 ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வாடகைக் குடியிருப்பாளர் பலரை வீட்டுச் சொந்தக்காரராக்கியது. வாழைத்தோட்டத்தில் வளர்ந்தவரான ரணசிங்க பிரேமதாசவின் காலத்தில், 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டம், மக்களை அவர்கள் வாழ்ந்த இடத்திலேயே வைத்து வீட்டை மேம்படுத்த உதவியது. 2001 இல் பொரளைப் பகுதியில் சஹஸ்புர தொடர்மாடி எழுந்தது. 2010 இன் பின்னர் நகர மீளுருவாக்கத் திட்டத்தின் கீழ் தெமட்டகொடை, மட்டக்குளி முதலிய இடங்களில் பன்னிரண்டு மாடிகளுக்கு மேற்பட்ட கட்டடங்கள் வரிசையாக எழுந்தன.

தொடர்மாடிக்குச் சென்றவர்களின் வீட்டுக்குள் வெள்ளம் வருவதில்லை. தனிக் கழிவறையும் குழாய்நீரும் கிடைத்துள்ளன. இவை சாதாரண நன்மைகள் அல்ல. ஆயினும், ஆரம்பக் கட்டடங்களில் சுமார் 400 சதுர அடி வீட்டுக்குள் மூன்று தலைமுறையினர் அடங்க வேண்டியிருந்தது. மின்தூக்கி பழுதடைந்தால் முதியவர்கள் நாட்கணக்கில் கீழே இறங்க முடிவதில்லை. வீட்டு வாசலில் இடியப்பமும் பலகாரமும் விற்றுப் பிழைத்த பெண்ணுக்குப் பத்தாம் மாடியில் வாடிக்கையாளர் எவரும் வருவதில்லை. தமிழ்பேசும் குடும்பங்களுக்கு இன்னுமொரு கவலையும் உண்டு. புதிய இடத்துக்கு அருகில் தமிழ்மொழிமூலப் பாடசாலை உள்ளதா, பள்ளிவாசலோ கோயிலோ நடந்து செல்லும் தூரத்தில் உள்ளதா என்பதே அது. தோட்டத்தில் பல தலைமுறைகளாக உருவான அயலுறவை ஒரு லொறியில் ஏற்றிச் சென்றுவிட முடியாது.

எனவே, செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. எஞ்சியுள்ள சதுப்பு நிலங்களில் இனி ஓர் அங்குலமும் நிரப்பப்படலாகாது. 2018 ஒக்டோபரில் ராம்சார் சமவாயத்தின் கீழ் 'ஈரநில நகரம்' என்னும் அங்கீகாரத்தைப் பெற்ற முதல் 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாகும். அந்தப் பெருமை சான்றிதழில் மாத்திரம் நிலைத்திருந்து பயனில்லை. அடுத்து, கால்வாய்க் கரை மக்களை இடம் மாற்றுவதாயின், அவர்களது தொழிலுக்கும் பிள்ளைகளின் பாடசாலைக்கும் அண்மையிலேயே மாற்ற வேண்டும். குடும்பத்தின் அளவுக்கேற்ற வீடும், சட்டபூர்வமான உறுதியும், கட்டடப் பராமரிப்புக்கான நிலையான ஏற்பாடும் வழங்க வேண்டும். விடுவிக்கப்படும் கரைநிலம் நீருக்கே திரும்பக் கிடைக்க வேண்டும். ஏழையை அகற்றிய இடத்தில் செல்வந்தரின் மாடம் எழுமாயின், வெள்ளத்தைத் தடுக்கவே இடமாற்றம் என்ற விளக்கத்தை எவரும் நம்பப்போவதில்லை.

பொதுமக்களாகிய எமக்கும் பொறுப்புண்டு. மெல்லிய பொலித்தீனுக்கு 2007 இலும், மதிய உணவுத் தாளுக்கு 2017 இலும் தடை விதிக்கப்பட்டது. எனினும் மழைக்குப் பின்னர் அடைபட்ட வடிகாலைத் திறந்து பார்ப்பவர்கள் அங்கே காண்பது பொலித்தீனையே. காணி வாங்குவோர் விலையையும் உறுதியையும் விசாரிப்பது போன்று, அது முன்னர் வயலா, சதுப்பா, நீரோடும் வழியா என்பதையும் விசாரிக்க வேண்டும். எமது முற்றத்தை உயர்த்தி நீரை அயல்வீட்டுக்குத் திருப்பிவிடுவது தீர்வாகாது.

அடுத்த பருவமழை தவறாது வரும். அதற்கு முன்னதாகக் கால்வாய்களைத் துப்புரவு செய்வதற்கும், எஞ்சியிருக்கும் சதுப்பு நிலத்தைக் காப்பதற்கும், கரையோரக் குடும்பங்களுடன் அவர்களது மொழியிலேயே பேசி உடன்பாடு காண்பதற்கும் போதிய காலம் உள்ளது. அக்காலத்தை வீணாக்காதிருப்பது மாநகர சபையினதும் அரசினதும் கடமையாகும். அதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பது எம் அனைவரதும் கடமையாகும்.