மல்லி நாற்பது, கனகாம்பரம் ரெண்டு

அரசு அலுவலகங்களில் ஃபேக்ஸ் இனி வேண்டாம் என்றார் ஜப்பானிய அமைச்சர் டாரோ கோனோ, 2021-இல். அமைச்சகங்களிலிருந்து நூற்றுக்கணக்கில் ஆட்சேபம் குவிந்தது, அரசு பின்வாங்கியது. ஃபேக்ஸுக்குக் கருமாதி குறிப்பது இது முதல் தடவையல்ல. 'ஹேக் செய்யவே முடியாது' என்று அதன் பக்தர்கள் பீற்றுவதையும் நம்ப வேண்டாம். 2018-இல் செக் பாயிண்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஃபேக்ஸ் எண்ணை மட்டும் வைத்தே உள்ளே புகுந்து காட்டிவிட்டார்கள். அந்தச் சண்டை கிடக்கட்டும். தாளை அதற்குள் விடுமுன், பென்சில் கூடாது, நிழல் கூடாது என்று ஏன் இத்தனை பத்தியம்?

வரலாறு கேட்பவர்களுக்கு: ஸ்காட்லாந்தின் கடிகாரக் கைவினைஞர் அலெக்சாண்டர் பெய்ன், 1843-இல் காப்புரிமை. தொலைபேசிக்கே முந்தியது. போதும்.

நாம் பார்த்த ஃபேக்ஸ், 1980-இல் வந்த 'குரூப் 3' வகை. தாளின் அகலத்தை வரிக்கு 1728 புள்ளிகளாக்கும். புள்ளி கறுப்பு, இல்லையேல் வெள்ளை, சாம்பலுக்கு இடமில்லை. புள்ளிகளை அப்படியே அனுப்பாமல் எண்ணி அனுப்புவதில்தான் சூட்சுமம்.

பூக்கட்டும் அக்கா தன் சரத்தைத் தொலைபேசியில் ஒப்பிக்கிறார்: "மல்லி நாற்பது, கனகாம்பரம் ரெண்டு, மல்லி அறுபது..." மறுமுனையில் தங்கை அப்படியே கட்டுகிறாள். மல்லி வெள்ளைப் புள்ளி, கனகாம்பரம் கறுப்புப் புள்ளி, சரம் ஒரு வரி. அடிக்கடி வரும் எண்ணிக்கைக்குச் சுருக்கமான சங்கேதம். எழுத்தின் கோடு பெரும்பாலும் கனகாம்பரம் ரெண்டு, மூன்று கனம்தான். அதற்கு இரண்டே பிட். சரம் முழுக்க மல்லி என்றால் 1728 பூவுக்கும் சேர்த்து 17 பிட்! இரைச்சலில் ஓர் எண் பிசகினால் மிச்சச் சரம் கோணிக்கொள்ளும். அதனால் சரத்துக்குச் சரம் ஒரு முடிச்சு: பதினொரு பூஜ்யம், ஓர் ஒன்று. தங்கை அங்கிருந்து புதிதாகத் தொடங்குவாள். (ஒரு சரம் கோணினால் சாமி கோபிக்காது.)

இப்போது படிவத்தில் ஒரு சாம்பல் பட்டை. அச்சில் சாம்பல் என்பது பொடிப் புள்ளிக் கூட்டம். மோசமான நிலையில் மல்லி ஒன்று, கனகாம்பரம் ஒன்று என்று மாறி மாறி வரும். மல்லி ஒன்றுக்கு 6 பிட், கனகாம்பரம் ஒன்றுக்கு 3. வரிக்கு 7776 பிட்! எண்ணாமலே அனுப்பியிருந்தால் 1728-இல் முடிந்திருக்கும். சுருக்க வந்த வித்தை நாலரை மடங்கு ஊதிவிடுகிறது. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் அந்த ஒரு வரிக்கே முக்கால் நொடிக்கு மேல். ஏ4 பக்கத்தில் ஆயிரத்துச் சொச்சம் வரிகள். அக்காவுக்குத் தொண்டை கட்டிவிடும்.

ஆகவே நிழலிட்ட கட்டங்களைத் தவிருங்கள். வண்ணத்தாளை வெளிர் நகலெடுத்து அனுப்புங்கள். பென்சில் எழுத்தின் மேல் கறுப்புப் பேனாவை ஓட்டுங்கள். பல இயந்திரங்களில் தாளைப் படிக்கும் விளக்கு பச்சை. அதனால் சிவப்பு முத்திரை கறுப்பாகப் போய்ச் சேரும், மஞ்சள் ஹைலைட்டர் காணாமல் போகும். ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்குங்கள். பிழை மறைக்கப் பூசிய வெள்ளை மை காயட்டும்: கண்ணாடியில் ஒட்டிய துளி நகராது, தாள்தான் நகரும், துளி பக்கம் நெடுகக் கோடாகும்.

சந்தேகமிருந்தால், அனுப்புமுன் அதே இயந்திரத்தில் ஒரு நகல் எடுத்துப் பாருங்கள். நகலில் விழும் கோடு ஃபேக்ஸிலும் விழலாம்.