"போர்டு போச்சு" என்றால் உடனே நம்பாதீர்கள்!
வோல்ட்டேஜ் எகிறி வாஷிங்மெஷின் படுத்துவிட்டதா?

சென்னை,

திடீரென்று டியூப்லைட் பளீரென்று எரியும். மின்விசிறி தலைதெறிக்கச் சுற்றும். எங்கோ "டப்" என்று ஒரு சத்தம். கருகிய வாடை!

அவ்வளவுதான். வாஷிங்மெஷின் மூச்சு விடாது.

மெக்கானிக் வருவார். பட்டனை அமுக்கிப் பார்ப்பார். "போர்டு போச்சு சார், புதுசுதான் போடணும்" என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்வார். மாதச் சம்பளக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்.

நியூட்ரல் அறுந்தால்...

தெருவுக்கு வரும் மும்முனை மின்சாரத்தில் "நியூட்ரல்" கம்பி அறுந்தால் வந்தது வினை! 230 வோல்ட் வரவேண்டிய வீட்டில் 400 வோல்ட்டை நெருங்கிப் பாயும். அதே நேரம் பக்கத்து வீட்டில் விளக்கு மங்கி எரியும்.

மிஷினைப் பட்டனில் அணைத்திருந்தாலும் தப்பாது. சுவர் சுவிட்ச் போட்டபடி இருந்தால், போர்டுக்குள் மின்சாரம் இருந்துகொண்டுதான் இருக்கும்.

வாசல் காவல்காரன்

போர்டில் மின்சாரம் நுழையும் இடத்திலேயே ஒரு பியூஸ் இருக்கும். பக்கத்தில் வட்ட வில்லை போல "வேரிஸ்டர்" என்று ஒரு பொருள். வோல்ட்டேஜ் எல்லை மீறினால் வேரிஸ்டர் அதைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். பியூஸ் போகும். வேரிஸ்டரும் கருகும். காவல்காரன் செத்து வீட்டைக் காப்பாற்றுகிறான்! இரண்டும் சேர்ந்து சில பத்து ரூபாய்தான்.

அதையும் தாண்டி அடித்தால் டயோடு, கெபாசிட்டர், பவர் சப்ளை ஐ.சி. போகும். இவையும் மாற்றக்கூடியவையே. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இந்த மாதிரிப் பொருள்கள் விற்கிறார்கள். புரோகிராம் ஏற்றிய மைக்ரோ கண்ட்ரோலரே போயிருந்தால் மட்டும் புது போர்டுதான் வழி.

பல போர்டுகளில் ஈரம் புகாமல் இருக்கப் பசை ஊற்றி மூடியிருப்பார்கள். அதைச் சுரண்டி எடுப்பதே பெரிய வேலை. அதற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கக்கூடாது.

அரைகுறை வேலை!

சிலர் கருகிய வேரிஸ்டரை வெட்டி எறிந்துவிட்டு, பியூசை மட்டும் போட்டு ஓட்டிக் காட்டுவார்கள். மிஷின் ஜோராக ஓடும். அடுத்த தடவை காவலுக்கு ஆள் கிடையாது! பியூசுக்குப் பதில் கம்பி சுற்றுவது அதைவிட மோசம், தீப்பிடிக்கும். "வேரிஸ்டர் மாத்துனீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

விவரம் தெரிந்தவர் சரிசெய்த போர்டுக்கு நேராகக் கரண்ட் கொடுக்கமாட்டார். நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோர்த்துக் கொடுப்பார். பல்பு மின்னி மங்கினால் நல்லது. பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் "ஷார்ட்"!

"நாமே கழற்றிப் பார்ப்போமே" என்று இறங்கவேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

இன்னொன்று. போர்டை மாட்டுமுன் வீட்டு வோல்ட்டேஜை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தெருவில் நியூட்ரல் கோளாறு அப்படியே இருந்தால் புது போர்டும் அன்றைக்கே போய்விடும். மின்வாரியத்தின் "மின்னகம்" எண்: 94987 94987. ராத்திரியிலும் புகார் சொல்லலாம்.