கிற்றாருக்கு ஒரு மரத் தாங்கி
அளந்து செய்வோம், கழற்றி எடுத்துச் செல்வோம்

ஒரு லயக் காம்பராவின் அளவு பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. இதற்குள்தான் படுக்கை, அடுப்பு, கொழுந்துக் கூடை, பிள்ளைகளின் புத்தகங்கள், உடுப்புப் பெட்டி அனைத்துக்கும் இடம் காண வேண்டும். இவற்றோடு, மகனோ மகளோ சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய ஒரு கிற்றாரும் இருந்தால், அது எங்கே இருக்கும்? கதவுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்தபடி இருக்கும். காற்றில் கதவு திறந்தாலும், சின்னஞ்சிறிசு ஓடினாலும் அது விழும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் நிலை இதிலும் மோசமானது. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மண்சரிவுகள் வந்தபோதும், உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் மண்டபங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்க நேர்ந்தது. அத்தகைய இடத்தில் நமக்கென்று ஒரு சுவர் கிடையாது, ஆணி அடிக்க உரிமையும் கிடையாது. நாளை வேறிடம் போகச் சொன்னால் போக வேண்டும். கையோடு கொண்டுவந்த இசைக்கருவியைக் காப்பதற்கு, நிலத்தில் தானே நிற்கக்கூடிய, கழற்றிச் சாக்கில் போடக்கூடிய ஒரு தாங்கி தேவை. அதை நாமே செய்யலாம் என்பதை இங்கு விளக்குகிறோம்.

கிற்றார் எங்கே உடைகிறது?

கிற்றார் நம்மிடையே புதியதன்று. இன்று நாம் காணும் வடிவத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தே தோரெஸ் பெருமளவுக்கு நிலைநிறுத்தினார். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர், வழிபாட்டில் தாய்மொழிப் பாடல்கள் இடம்பெறத் தொடங்கியபோது, தோட்டத்துச் சிற்றாலயங்களுக்குள்ளும் அது வந்து சேர்ந்தது. இன்று திருமண வீட்டிலும் பாடசாலை விழாவிலும் தப்புக்கும் மத்தளத்துக்கும் பக்கத்தில் அதைக் காண்கிறோம்.

இக்கருவியின் பலவீனம் எங்கே என்பதை அறிந்தாலே தாங்கியின் வடிவம் விளங்கும். உருக்குத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையுடன் கழுத்தை எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. கழுத்தின் நுனியில், தந்தி முறுக்கும் தலைப்பகுதி பின்னோக்கிச் சரிந்திருக்கும். பல கிற்றார்களில் கழுத்தும் தலையும் ஒரே கட்டையில் வெட்டப்படுவதால், அந்தச் சரிவில் மரத்தின் நார் நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே அறுபட்டு நிற்கும். கருவி மல்லாந்து விழுந்தால் அந்த இடமே முதலில் முறியும். சுவரில் சாய்த்து வைத்த கிற்றார் வழுக்கி விழுவதும் இப்படித்தான்.

எனவே நமது தாங்கி மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். கருவியின் பாரத்தைக் கழுத்தில் அல்ல, பெட்டியின் அடியில் தாங்க வேண்டும். முன்னே வழுக்காமல் தடுக்க வேண்டும். பாரம் தாங்கியின் கால்களுக்கு நடுவே விழச் செய்ய வேண்டும்.

முதலில் அளவு

பல கருவிகளுக்குப் பொதுவாகச் செய்த தாங்கிகள் கடையில் உண்டு. நாமோ நமது கருவிக்கு அளந்து செய்கிறோம். நாடாவை எடுத்து மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்வோம்: பெட்டியின் மிக அகன்ற இடம், பெட்டியின் தடிப்பு, பெட்டியின் உயரம். சாதாரணமாக அகலம் 14 முதல் 16 அங்குலம், தடிப்பு 4 முதல் 5 அங்குலம், உயரம் 19 அல்லது 20 அங்குலம் இருக்கும். நிறை ஏறக்குறைய 2 கிலோ.

அடுத்து, கருவியைப் படுத்த நிலையில் ஒரு விரலின் மேல் வைத்து, இரு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்போம். இதுவே பாரத்தின் மையம். இது பெட்டியின் அடியிலிருந்து ஏறக்குறைய 15 அங்குலத்தில் அமையும்.

இப்போது ஒரு கரிக்கட்டியால் சீமெந்துத் தரையில் தாங்கியின் பக்கத் தோற்றத்தை முழு அளவில் வரைவோம். தச்சுப் பாஸ்மார் பலர் இப்படித்தான் வேலை தொடங்குவார்கள். கடதாசியில் சிறிதாக வரைவதை விட இதில் பிழை உடனே கண்ணில் படும்.

நிலத்தில் கிடக்கும் பாதம் 16 அங்குல நீளம். அதன் முன்நுனியில் ஒன்றரை அங்குலம் தடுப்புக் கட்டைக்கு. அதற்குப் பின்னால் பெட்டி அமரும் இடம்; பெட்டியின் தடிப்போடு அரை அங்குலம் கூட்டினால் போதும். அதற்குப் பின்னால் முதுகுத் தூண் எழும்புகிறது. தூண் 18 அங்குலம். 4 அங்குலம் உயரும்போது 1 அங்குலம் பின்னே சாய வேண்டும். தூணுக்குப் பின்னால் பாதம் ஏறக்குறைய 7 அங்குலம் நீண்டு நிற்கும்.

வரைபடத்தில் கிற்றாரின் பாரமையத்தைக் குறித்து, அதிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அது பாதத்தின் நடுவை ஒட்டி விழும். கோடு பாதத்தின் பின்நுனியை நெருங்கினால் சாய்வு அதிகம். முன்நுனியை நெருங்கினால் சாய்வு போதாது. பலகையில் வாள் வைக்குமுன் இதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

எந்த மரம்?

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு மரத்தை அறியாதவர் இல்லை. இது அவுஸ்திரேலியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டில் சவுக்கு என்று அழைக்கப்படும் மரம் வேறு. நமது சவுக்கு நடுத்தரப் பாரமுள்ளது, இலகுவாக இழைக்கலாம், பலகையில் வெள்ளிக் கீற்றுகள் போன்ற அழகிய வரிகள் தெரியும். தாங்கிக்கு இது நன்கு போதும். ஆனால் கறையானுக்கு இது தாக்குப்பிடிக்காது. இதன் தூளும் பாலும் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். ஆகவே முழுக்கைச் சட்டை அணிந்து, மூக்கைத் துணியால் மூடி வேலை செய்து, முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவ வேண்டும்.

தோட்டத்து மரத்தை அனுமதியின்றி வெட்டக் கூடாது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டல் கட்டுப்பாட்டுச் சட்டம் பாதுகாக்கிறது. நமக்குத் தேவையானதோ ஆறடிப் பலகையும் இரண்டடித் துண்டும்தான். மர ஆலையில் கழித்த துண்டுகளிலோ, பழைய கதவு நிலையிலோ, உடைந்த கட்டிலின் சட்டத்திலோ இது கிடைத்துவிடும். பழைய மரத்தில் இன்னொரு நன்மையும் உண்டு: அது ஏற்கெனவே உலர்ந்தது. ஓர் அங்குலத் தடிப்புள்ள பச்சைப் பலகை நிழலில் உலர ஒரு வருடம் வரை எடுக்கும். நமது மூடுபனியில் அதற்கு மேலும் ஆகலாம். உலராத பலகையில் செய்த பொருத்து பின்னர் சுருங்கித் தளரும். பழைய மரத்தை அறுக்குமுன் ஆணிகளை எல்லாம் பிடுங்கிவிட வேண்டும்.

செய்யும் முறை

வாள், உளி, சீவுளி, துறப்பணம், சுத்தியல், மூலைமட்டம் ஆகியவை போதும். உங்களிடம் இல்லாவிட்டால் அயலில் உள்ள தச்சரிடம் அரை நாள் இரவல் கேட்கலாம். அவரையே அருகில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இரண்டரை அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள பலகையில், 16 அங்குலத்தில் இரண்டு பாதங்களும் 18 அங்குலத்தில் இரண்டு தூண்களும் வெட்டுங்கள். பாதத்தையும் தூணையும் ஒரே அகன்ற பலகையில் வளைத்து வெட்டினால் வேலை குறையுமே என்று தோன்றலாம். அப்படி வெட்டினால் ஒரு பகுதியில் நார் குறுக்கே போய்விடும். கிற்றாரின் தலை முறிவதற்குச் சொன்ன அதே காரணத்தால் தாங்கியும் அங்கே முறியும். எனவே இரண்டு துண்டுகளாக வெட்டி இணைப்பதே சரி.

தூணைப் பாதத்தின் மேல் தரை வரைபடத்தின்படி வைத்து, இரண்டிலும் கோடு கீறுங்கள். கோட்டுக்குள் ஒவ்வொன்றிலும் அரை அங்குல ஆழம் எடுத்தால், ஒன்றுக்குள் ஒன்று படிந்து சமமாக இருக்கும். பசை பூசி இறுக்கிக் கட்டி ஒரு நாள் விடுங்கள். ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம் என்பதை மறந்துவிடாதீர்கள். வெட்டிய முகங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். பாதத்தின் முன்நுனியில் 2 அங்குல உயரமான தடுப்புக் கட்டையை மரமுளையும் பசையும் கொண்டு பொருத்துங்கள்.

இரு பக்கங்களையும் இணைப்பவை இரண்டு குறுக்குச் சட்டங்கள். இவற்றில்தான் நமது தாங்கியின் சிறப்பு இருக்கிறது. பக்கங்களுக்கு இடையே 7 அங்குல வெளி வேண்டும். பெட்டியின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி. சட்டம் 2 அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பு, 12 அங்குல நீளம். இரு நுனிகளையும் இரண்டரை அங்குலத்துக்கு, ஒன்றேகால் அங்குல அகலமுள்ள நாக்குப் போலச் செதுக்குங்கள். ஒரு சட்டம் தூண்களின் மேல்நுனியிலிருந்து 3 அங்குலம் கீழே, மற்றது பாதங்களின் பின்பகுதியில். நாக்குக்கு ஏற்ற துளைகளைத் தூணிலும் பாதத்திலும் இடுங்கள். துளையின் நீண்ட பக்கம் நார் ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை வெடிக்கும்.

நாக்கு வெளியே ஒன்றரை அங்குலம் நீண்டு நிற்கும். அதில் ஒரு சிறு துளையிட்டு, ஒரு பக்கம் மெலிந்த ஆப்பை இறக்க வேண்டும். இத்துளை பலகையின் வெளிமுகத்துக்குச் சற்று உள்ளே தொடங்க வேண்டும். அப்போதுதான் ஆப்பு இறங்க இறங்கப் பலகையை உள்நோக்கி இறுக்கும். இந்த நான்கு இடங்களிலும் பசையோ ஆணியோ வேண்டாம். ஆப்பைத் தட்டினால் தாங்கி இறுகும். மறுபுறம் தட்டினால் கழன்றுவிடும்.

கம்பளியும் எண்ணெயும்

கருவி படும் இடங்களில் ரப்பரோ ஸ்பொஞ்சோ வைக்க வேண்டாம். சில வகை மெருகுப் பூச்சுகளோடு அவை சேர்ந்து, ஒட்டிக்கொண்டு, கறை உண்டாக்கும். மழையிலும் பனியிலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் தலையில் போடும் கம்பளியில் கிழிந்த துண்டு ஒன்று இருந்தால் அதுவே மிகச் சிறந்தது. பருத்தித் துணியை நான்காக மடித்தும் தைக்கலாம்.

மரத்தை அரத்தாளால் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் பூசலாம். ஒரு முக்கிய எச்சரிக்கை: இவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள். வரிசையாக நிற்கும் லயத்தில் ஒரு காம்பராவில் பற்றிய தீ பத்துக் குடும்பங்களையும் தெருவில் விட்டுவிடும்.

கிற்றாரை வைக்குமுன் நான்கு கிலோ அரிசிப் பையை ஓர் இரவு தாங்கியில் வைத்துச் சோதியுங்கள். அடுப்பிலிருந்தும், வெயில் படும் இடத்திலிருந்தும், ஒழுகும் தகரத்தின் கீழிருந்தும் விலக்கி வையுங்கள்.

ஒரு சாக்குக்குள்

முழுத் தாங்கியின் நிறையும் ஏறக்குறையக் கிற்றாரின் நிறைதான், 2 கிலோ. கழற்றினால் இரண்டு பக்கங்கள், இரண்டு சட்டங்கள், நான்கு ஆப்புகள். ஒரு சாக்குக்குள் அடங்கிவிடும். ஆப்புகளைத் தனியே ஒரு துணிப்பையில் கட்டிச் சட்டத்தோடு பிணைத்துவையுங்கள். அவசரத்தில் முதலில் தொலைவது சிறியவைதான்.

முகாமில் இதற்கெல்லாம் என்ன அவசரம், வீடும் காணியும் அல்லவா முதலில் என்று கேட்பவர்கள் உண்டு. வீடும் காணியும் உரிமைகள். அவற்றைக் கேட்பதை ஒரு நாளும் விடக் கூடாது. ஆனால் அவை கிடைக்கும் வரைக்கும் பிள்ளைகள் வளர்வதை நிறுத்துவதில்லை. பாடக் கற்ற பிள்ளை பாடவேண்டிய வயது இதுதான். எல்லாவற்றையும் மண்ணுக்கடியில் விட்டுவந்த குடும்பத்தில் எஞ்சிய கருவி ஒன்று இருந்தால், அது முறியாமல் இருப்பது அந்தப் பிள்ளைக்குச் சிறிய காரியம் அல்ல.

இதே முறையில், அளவை மட்டும் மாற்றி, வயலினுக்கும் மண்டலினுக்கும் தாங்கி செய்யலாம். மண்டபத்தில் நான்கைந்து இளைஞர்கள் வேலையின்றி அமர்ந்திருந்தால், அவர்களிடம் ஒரு நாடாவையும் கரிக்கட்டியையும் கொடுங்கள். தரையில் முதல் கோட்டை அவர்களே போடட்டும்.