முள் ஏன் பொய் சொல்கிறது?

மோட்டார் வண்டியில் ஏறி அமர்ந்தவுடன் நம் கண் முதலில் டாஷ்போர்டின் மேல் செல்கிறது. பெட்ரோல் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு யாரும் வண்டியைக் கிளப்புவதில்லை. ரேடியேட்டர் நீரில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு யாரும் மலை ஏறுவதில்லை. ஒரு முள் காட்டுகிறது, நாம் நம்புகிறோம். அந்த முள்ளே பொய் சொல்லத் தொடங்கினால் என்ன ஆகும்? பெட்ரோல் நிறைய இருக்கிறதென்று எண்ணி நடுவழியில் நிற்போம். சூடே ஏறாத இயந்திரத்தைச் சூடேறிவிட்டதென்று அஞ்சி நிறுத்துவோம். எப்போதும் அச்சுறுத்தும் முள்ளைப் பொருட்படுத்தாமல் பழகிவிட்டாலோ, உண்மையாகவே இயந்திரம் கொதிக்கும் நாளில் அதைக் கவனிக்க மாட்டோம். இதுவே மற்றவற்றைவிடக் கொடியது.

இந்தப் பொய்க்கு முள்ளைக் குற்றம் சொல்வதுதான் வழக்கம். ஆனால் பழைய வண்டிகளில் இரண்டு முட்கள் ஒரே சமயத்தில், ஒரே திசையில் தவறினால் குற்றம் பெரும்பாலும் முட்களில் இல்லை. அவை இரண்டுக்கும் பொதுவாகச் செல்லும் மின்சாரத்தில் இருக்கிறது. அது எவ்வாறு என்பதையும், நூற்றைம்பது ரூபாய்க்குள் கையாலேயே அதைச் சீர்செய்வது எப்படி என்பதையும் இங்கே காண்போம்.

முள்ளை நகர்த்துவது எது?

வெப்பம் ஏறினால் உலோகங்கள் நீளும் என்பது பள்ளியிலே படித்தது. எல்லா உலோகங்களும் ஒரே அளவு நீளுவதில்லை. பித்தளை எஃகைவிட அதிகமாக நீளும். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பட்டையாக்கிச் சூடேற்றினால், பித்தளைப் பக்கம் அதிகம் நீள, பட்டை வளையும். இதற்கு ஈருலோகப் பட்டை என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர், கடற்பயணத்துக்கான தமது கடிகாரம் வெப்பதட்ப மாறுதலால் நேரம் தவறாமலிருக்க இத்தகைய பட்டையை அமைத்தார். கடிகாரத்தில் பிழை நீக்கப் பிறந்த அதே பட்டைதான் பிற்காலத்தில் மோட்டார் வண்டியின் மீட்டருக்குள் புகுந்தது.

மீட்டருக்குள் அப்பட்டையின் மேல் மெல்லிய கம்பிச் சுருள் சுற்றப்பட்டிருக்கும். சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் சூடு பிறக்கும், பட்டை வளையும், அதனோடு பிணைந்த முள் நகரும். எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதைத் தீர்மானிப்பது மறுமுனையில் உள்ள மின்தடை. பெட்ரோல் தொட்டியில் ஒரு மிதவை உண்டு. எண்ணெய் மட்டம் உயர மிதவையும் உயர்ந்து மின்தடையைக் குறைக்கும், மின்னோட்டம் கூடும், முள் நிறைவை நோக்கிச் செல்லும். இயந்திரத்தின் நீரோட்டத்தில் இன்னொரு சிறு உறுப்பு உண்டு. அதன் மின்தடை நீரின் சூடு ஏற ஏறக் குறையும். விளைவு அதுவேதான்.

இவ்வகை மீட்டருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சூடேறவும் ஆறவும் சில விநாடிகள் ஆவதால், மேடுபள்ளத்தில் பெட்ரோல் அலைமோதினாலும் முள் துள்ளாது; நிதானமாக நிற்கும். இந்த நிதானத்துக்காகவே 1960களில் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் ஸ்மித்ஸ் நிறுவனத்தாரின் இவ்வகை மீட்டர்கள் இடம்பெற்றன.

மின்னழுத்தம் மாறினால்

நல்ல குணத்தோடு ஒரு குறையும் இருக்கிறது. முள் காட்டுவது மின்தடையை மட்டுமன்று. மின்னழுத்தத்தையும் சேர்த்தே காட்டுகிறது. வண்டியின் பாட்டரி 12 வோல்ட்டு என்று பெயருக்குச் சொன்னாலும் அது ஒரு நிலையில் நிற்பதில்லை. இரவில் விளக்குகளைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓடும்போது 12 வோல்ட்டையொட்டி இருக்கும்; வேகமாக ஓடும்போது 14 வோல்ட்டு வரை ஏறும்.

12க்கும் 14க்கும் இடையே என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். 14ஐ 12ஆல் வகுத்து இருமடியாக்கினால் 1.36 வருகிறது. அதாவது தொட்டியில் ஒரு துளி கூடாமலே சுருளின் வெப்பம் நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு கூடிவிடும். இத்தகைய மீட்டரை நேரே பாட்டரியோடு இணைத்தால், வண்டியின் வேகத்துக்கு ஏற்பப் பெட்ரோல் கூடிக் குறைவது போலத் தோன்றும்!

தகரப் பெட்டியின் தந்திரம்

ஆகவே மீட்டர்களுக்கு முன்னால் ஒரு சிறு தகரப் பெட்டியைப் பொருத்தினார்கள். மெக்கானிக்குகள் அதை ஸ்டெபிலைசர் என்பார்கள். மின்னழுத்தச் சீராக்கி என்று நாம் சொல்லலாம். அதற்குள்ளும் இருப்பது ஓர் ஈருலோகப் பட்டையே. பட்டையின் முனை ஒரு மின்தொடர்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். மின்சாரம் மீட்டர்களுக்குப் போகும்போதே பட்டையின் மேல் சுற்றிய சுருளையும் சூடாக்கும். சூடேறியதும் பட்டை வளைந்து தொடர்பை அறுக்கும். ஆறியதும் மீண்டும் தொடும். இவ்வாறு மின்சாரம் விட்டுவிட்டுச் செல்லும்.

பாட்டரியின் அழுத்தம் கூடினால் சுருள் விரைவில் சூடேறி விரைவில் அறுக்கும். குறைந்தால் அதிக நேரம் தொட்டிருக்கும். எப்படியாயினும் மீட்டர்களுக்குக் கிடைக்கும் வெப்பம், நிலையான 10 வோல்ட்டு தரும் வெப்பத்துக்குச் சமமாக அமையும். கணக்கிட்டுப் பார்த்தால் 12 வோல்ட்டில் பத்தில் ஏழு பங்கு நேரமும், 14 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி நேரமும் தொடர்பு மூடியிருக்க வேண்டும். மீட்டர்கள் மந்தமானவை ஆதலால் இந்த விட்டுவிட்டு வரும் துடிப்பை உணர்வதில்லை. வெப்பத்தால் இயங்கும் மீட்டரின் பிழையை வெப்பத்தால் இயங்கும் இன்னொரு கருவியைக் கொண்டே நீக்கிய அறிவைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

10 வோல்ட்டு என்று ஏன் வைத்தார்கள்? பாட்டரி தளர்ந்திருக்கும்போதும் கிடைக்கக்கூடிய அளவாக அது இருக்க வேண்டும். மேலிருந்து குறைப்பது எளிது. இல்லாததை ஏற்றுவது அரிது.

இப்பெட்டி பழுதானால் அறிகுறிகள் தெளிவானவை. தொடர்பு கரிந்து மூடாமற்போனால் எல்லா முட்களும் அடியில் கிடக்கும். சுருள் அறுந்தாலோ, பெட்டியின் எர்த் இணைப்பு துருப்பிடித்தாலோ பட்டை சூடாகாது, தொடர்பு திறக்காது, பாட்டரியின் முழு அழுத்தமும் மீட்டர்களுக்குப் போய் எல்லா முட்களும் மேலேறி நிற்கும். ஒரு முள் மட்டும் தவறினால் அந்த முள்ளின் கம்பியையோ, மிதவையையோ பாருங்கள். எல்லாம் சேர்ந்து தவறினால் பெட்டியைப் பாருங்கள்.

தேவராவில் ஒரு வண்டி

பௌதிகத்தில் முதுகலை பயிலும் நான் கொச்சியில் தேவராவில் தங்கியிருக்கிறேன். மூன்று பக்கமும் காயல் சூழ்ந்த பகுதி இது. உப்புக்காற்றும் நீண்ட மழைக்காலமும் இரும்பை விட்டுவைப்பதில்லை. என் அறைக்கு அருகே கம்பத்துக்காரர் ஒருவர் பழக்கடை வைத்திருக்கிறார். தந்தையார் காலத்துப் பழைய வேன் ஒன்றில் ஊரிலிருந்து திராட்சை கொண்டுவருவார். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளிக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில், பாரத்தோடு வரும் பழைய வண்டிக்கு வெப்பமானி எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

“தம்பி, வண்டி கொதிக்குதுன்னு முள் சொல்லுது. எறங்கிப் பாத்தா ஒண்ணுமில்ல. பெட்ரோல் எப்பவும் நெறஞ்சே இருக்கு. ஆனா வழியில நின்னு போகுது. எதைத்தான் நம்புறது?” என்று அவர் ஒருநாள் கேட்டார். ஒரு பட்டறையில் மீட்டர்கள் அனைத்தையும் மாற்றச் சொல்லிவிட்டார்களாம். அவற்றின் விலை அவரது ஒரு மாத வருமானத்துக்குச் சற்றுத்தான் குறைவு.

இரண்டும் ஒருங்கே மேலேறி நிற்கின்றன என்றவுடன் ஐயம் பெட்டியின்மேல் விழுந்தது. பெட்டியின் வெளிமுனையில் ஒரு சிறு பல்பை இணைத்துப் பார்த்தேன். பெட்டி நலமாக இருந்தால் பல்பு விட்டுவிட்டு எரிய வேண்டும். அது நிலையாக எரிந்தது. எர்த் திருகைச் சுரண்டித் துரு நீக்கியும் மாற்றமில்லை. பெட்டியைத் திறந்தபோது பட்டையின் மேலிருந்த சுருள் பச்சைப் பாசம் பிடித்து அறுந்திருந்தது. 10 வோல்ட்டுக்குரிய மீட்டருக்கு 14 வோல்ட்டு சென்றால் வெப்பம் ஏறத்தாழ இருமடங்கு. பாதித் தொட்டியை நிறைந்த தொட்டி என்று முள் காட்டியதில் வியப்பில்லை.

புதிய சீராக்கி

அறுந்த சுருளைச் சுற்றுவதைவிட அசையும் உறுப்பே இல்லாத சீராக்கி ஒன்றை அமைப்பது நல்லதென்று தோன்றியது. எறணாகுளம் கடைகளில் 5, 9, 12 வோல்ட்டுச் சீராக்கிகள் எளிதில் கிடைத்தன. 10 வோல்ட்டு கிடைக்கவில்லை. எனவே விரும்பிய அழுத்தத்துக்கு அமைத்துக்கொள்ளக்கூடிய எல்.எம். 317 என்ற மூன்று கால் ஐ.சி.யைத் தேர்ந்தேன். 1976இல் அமெரிக்காவில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் ராபர்ட் டாப்கின் உருவாக்கியது அது.

அதன் வேலை மிக எளிது. வெளிமுனைக்கும் சீரமைப்பு முனைக்கும் இடையே அது எப்போதும் 1.25 வோல்ட்டைக் காத்துக்கொள்ளும். அவ்விரு முனைகளுக்கிடையே 240 ஓம் தடையை வைத்தேன். சீரமைப்பு முனையிலிருந்து எர்த்துக்கு அதைப்போல் ஏழு மடங்கு, அதாவது 1680 ஓம் தடை வைத்தால், முதலாவதில் 1.25 வோல்ட்டும் இரண்டாவதில் 8.75 வோல்ட்டும் நிற்கும். கூட்டினால் சரியாக 10. கடையில் 1680 ஓம் தனியாகக் கிடைக்காது. 1500 ஓமையும் 180 ஓமையும் தொடராக இணைத்தால் போதும்.

வண்டியின் மின்சாரம் வீட்டு மின்சாரத்தைப்போல் அடக்கமானதன்று. ஹாரனும் ஸ்டார்ட்டரும் இயங்கும்போது கணநேர அழுத்த ஏற்றங்கள் பாயும். ஆகவே உள்முனையில் 1 ஆம்பியர் பியூஸையும், அதற்குப் பின் எர்த்துக்குக் குறுக்கே 24 வோல்ட்டுச் சீனர் டையோடையும் வைத்தேன். உள்முனையில் 0.1 மைக்ரோஃபாரட், வெளிமுனையில் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் சேர்ந்தன.

வெப்பக் கணக்கும் வேண்டும். இரண்டு மீட்டர்களும் மிக அதிகமாக எடுத்தது கால் ஆம்பியர். 14 வோல்ட்டு 10 ஆகும்போது 4 வோல்ட்டு ஐ.சி.யில் தங்கும், கால் ஆம்பியரால் பெருக்கினால் 1 வாட். சிறிய அலுமினியத் தகடு இதற்குப் போதும். ஆனால் இந்த ஐ.சி.யின் உலோக முதுகு வெளிமுனையோடு இணைந்தது. அதை நேரே வண்டியின் உடலில் திருகினால் வெளியீடு எர்த்தாகிவிடும். நடுவே மைக்காத் தகடும், திருகுக்குக் காப்பு வளையமும் அவசியம். அனைத்தையும் அதே பழைய தகரப் பெட்டிக்குள் அடக்கி, பழைய முனைகளிலேயே இணைத்தேன்.

சோதனை

வண்டியில் பொருத்துமுன் ஆய்வுக்கூடத்து மின்வழங்கியில் 12 முதல் 15 வோல்ட்டு வரை உள்ளழுத்தத்தை மாற்றிப் பார்த்தேன். வெளியீடு 10 வோல்ட்டிலேயே நின்றது. 12க்குக் கீழே இறக்கியபோது வெளியீடும் சற்றுத் தாழ்ந்தது. இந்த ஐ.சி.க்கு மேலே ஏறத்தாழ 2 வோல்ட்டு இடைவெளி தேவை என்பதே காரணம். இயந்திரம் ஓடும்போது இக்குறை தோன்றாது.

பிறகு ஏறத்தாழக் காலியான தொட்டியில் ஐந்தைந்து லிட்டராகப் பெட்ரோல் ஊற்றி முள்ளின் நிலையைக் குறித்துக்கொண்டோம். முள் ஒழுங்காக ஏறியது. விளக்கைப் போட்டாலும் அணைத்தாலும் அசையவில்லை. வெப்பமானியின் முள் நடுவுக்குச் சற்றுக் கீழே அமைதியாக நின்றது.

ஒரு மாதம் கழிந்து குமுளி ஏற்றத்தில் அந்த முள் மேலேறியிருக்கிறது. இம்முறை அவர் நம்பினார். வண்டியை ஓரமாக நிறுத்தினார். மின்விசிறி பெல்ட் தளர்ந்திருந்தது. இயந்திரம் ஆறும்வரை காத்திருந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பழைய நிலையில் அவர் அந்த முள்ளைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்.

செய்ய விரும்புவோர்க்கு

வேலை தொடங்குமுன் பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றிவிடுக. பெட்ரோல் தொட்டியருகே கம்பிகளை உரசிப் பொறி பறக்க விடலாகாது. மீட்டரை நேரே 12 வோல்ட்டில் வைத்துச் சோதிக்க வேண்டாம், சுருள் கெட்டுவிடும். மிகப் பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பாட்டரியின் நேர்முனையே எர்த்தாக இருக்கும். அவற்றுக்கு இச்சுற்று பொருந்தாது. புதிய வண்டிகளில் முட்களைச் சிறு மோட்டார்களும் கணிப்பொறிச் சில்லுகளும் நகர்த்துகின்றன. அவற்றுக்கும் இது வேண்டியதில்லை.

எந்த அளவுகோலும் தான் நிற்கும் தளம் அசையாதிருந்தால்தான் உண்மை சொல்லும். தராசில் படிக்கல் எப்படியோ, மீட்டருக்கு மின்னழுத்தம் அப்படி. ஆய்வுக்கூடத்தில் நாம் நாள்தோறும் செய்யும் இந்தச் சிறு கணக்கு, தெருவில் ஒருவருடைய ஒரு மாத உழைப்பைக் காக்க வல்லது. நம் சங்கத்து நண்பர்கள் தத்தம் விடுதிக்கு அருகே இத்தகைய பழைய வண்டியைக் கண்டால், மீட்டரைக் கழற்றுமுன் ஒரு சிறு பல்பை எடுத்துக்கொண்டு அந்தத் தகரப் பெட்டியைத் தேடட்டும்.