நீர்ப்பையைப் பேணுவோம்

(வழிநடைக் குழு மாணவியர், மேல்நிலை முதலாண்டு)

"சுத்தம் சோறு போடும்" என்பது நம் பாட்டிமார் நாள்தோறும் கூறும் பழமொழி. சோற்றுக்கு மட்டுமன்று, குடிக்கும் தண்ணீருக்கும் அது பொருந்தும் என்பதை நாங்கள் சற்றுக் கசப்பான முறையில் கற்றுக்கொண்டோம். கற்றதைத் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு ஜனவரித் திங்களில் எங்கள் வழிநடைக் குழு கொடைக்கானலுக்குச் சென்றது. முதல் நாள் ஏரியைச் சுற்றி நடந்தோம். மறுநாள் விடியற்காலையில், வனத்துறையின் அனுமதியுடன், வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி நோக்கி இறங்கத் தொடங்கினோம். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு நீர்ப்பை. டால்பின் மூக்குப் பாறையைக் கடந்து சிறிது தூரம்கூடச் சென்றிருக்க மாட்டோம். எங்களுள் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டாள். பின்பு ஓயாத வாந்தி. ஏறிய ஏற்றம் முழுவதும் அவளைத் தாங்கிப் பிடித்துத் திரும்பினோம். பல மாதங்களாக எதிர்பார்த்திருந்த பயணம் அத்துடன் முடிந்தது.

அன்று மாலை எங்களுடன் வந்த அருட்சகோதரி, அவளது நீர்ப்பையின் குழாயைக் கழற்றி விளக்கின் முன் பிடித்துக் காட்டினார். உள்ளே மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கரும்புள்ளிகள்! விரலால் தொட்டால் வழவழவென்று வழுக்கிற்று. மருத்துவரிடம் கேட்டபோது, "இதனால்தான் என்று உறுதி கூற இயலாது, இதனால் அன்று என்றும் கூற இயலாது" என்றார். முந்திய ஆண்டு விளையாட்டு விழாவின்போது அப்பைகளில் எலுமிச்சைச் சர்பத் ஊற்றிக் குடித்துவிட்டு, ஒருமுறை மட்டும் அலசி, ஈரத்தோடு மடித்து அலமாரியில் வைத்தவர்கள் வேறு எவருமல்லர்; நாங்களே!

நீர்ப்பை என்பது யாது?

கடைகளில் இதனை 'ஹைட்ரேஷன் பேக்' என்பர். முதுகில் மாட்டும் பைக்குள், மெல்லிய நெகிழிப் பொருளால் ஆன நீர் உறை ஒன்று இருக்கும். பெரும்பாலும் 2 அல்லது 3 லிட்டர் நீர் கொள்ளும். அதன் அடியிலிருந்து ஒரு நீண்ட குழாய் தோள்மீது வளைந்து வாயருகே வரும். குழாயின் முனையில் சிலிக்கானால் ஆன ஒரு மூடி உண்டு. அதிலுள்ள சிறு பிளவு பல்லால் கடித்தால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். நடையை நிறுத்தாமலே நீர் அருந்தலாம்.

நடைவழியில் நீர் சுமப்பது புதிதன்று. நம் முன்னோர் சுரைக்குடுக்கையிலும் தோல் துருத்தியிலும் நீர் கொண்டு சென்றனர். குழாய் வைத்த நீர்ப்பையோ 1980களின் இறுதியில் அமெரிக்காவில் பிறந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் கடும் வெயிலில் நடக்கும் 100 மைல் மிதிவண்டி ஓட்டத்தில் கலந்துகொண்ட மைக்கேல் எய்ட்சன் என்பவர், அவசர மருத்துவ ஊர்தியில் பணிபுரிந்தவர். நோயாளிக்கு மருந்துநீர் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, அதனை ஒரு நீண்ட காலுறைக்குள் இட்டு, சட்டையின் முதுகில் பொருத்திக்கொண்டார். குழாயைத் தோள்வழியே முன்னால் கொணர்ந்து, துணிக் கவ்வியால் மாட்டிக்கொண்டார். அந்த எளிய யோசனையே இன்று மலையேறுவோரும் படைவீரரும் பயன்படுத்தும் கருவியாயிற்று.

அழுக்கு எங்கிருந்து வருகிறது?

"நல்ல தண்ணீர்தானே ஊற்றுகிறோம், அழுக்கு ஏது?" என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அவ்வாறே எண்ணினோம். நம் வீடுகளில் செம்பிலிருந்து நீர் அருந்தும்போது உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பது வழக்கம். எச்சில் பட்டால் பாட்டி கடிந்துகொள்வார். நீர்ப்பையிலோ எச்சில் படாமல் குடிக்க வழியே இல்லை. முனையை வாயில் வைத்துக் கடித்தே ஆக வேண்டும். உறிஞ்சிய பின் மிஞ்சும் நீர், வாயிலுள்ள நுண்ணுயிர்களையும் உணவுத் துகள்களையும் ஏந்திக்கொண்டு குழாய்க்குள் நிற்கிறது.

ஈரம், இருட்டு, இளஞ்சூடு ஆகிய மூன்றும் கிருமிகளுக்கு விருந்து வீடு போன்றவை. பைக்குள் இம்மூன்றும் உண்டு. பாக்டீரியாக்கள் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஒரு பசைப் படலத்தைத் தம்மைச் சுற்றி உண்டாக்குகின்றன. நாங்கள் விரலால் உணர்ந்த வழவழப்பு இதுவே. இப்படலம் வெறும் நீரால் அலசினால் போகாது, தேய்த்தால்தான் போகும். கரும்புள்ளிகளோ பூஞ்சணம். சர்க்கரை கலந்த பானம் ஊற்றினால் இவை யாவும் பன்மடங்கு விரைவாகப் பெருகும்.

கழுவும் முறை

1. பயணம் முடிந்த அன்றே கழுவுக. "நாளை பார்க்கலாம்" என்று வைத்தால் அது அடுத்த பயணத்தன்றுதான் நினைவுக்கு வரும்.

2. உறை, குழாய், கடிமுனை ஆகிய மூன்றையும் தனித்தனியே கழற்றுக. கழற்றாமல் கழுவுவது, மூடியைத் திறக்காமல் குடத்தைக் கழுவுவதற்கு ஒப்பாகும்.

3. கை பொறுக்கும் சூடுள்ள நீரில், பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு சில துளிகள் இட்டு, உறையின் உட்புறத்தை மென்மையான துணியால் தேய்க்க. மூலைகளையும், குழாய் பொருந்தும் துளையையும் மறவாதீர். கொதிநீர் ஊற்றலாகாது, உறையின் ஒட்டுகள் கெடக்கூடும்.

4. குழாயே கடினமான பகுதி. அதற்கென நீண்ட, மெல்லிய தூரிகை கடைகளில் கிடைக்கிறது. கிடைக்காவிடில் எங்கள் முறையைக் கையாளலாம். உறுதியான நைலான் நூலின் ஒரு முனையில் சிறிய மணியைக் கட்டிக் குழாய்க்குள் இறக்குங்கள். மறுமுனையில் சுத்தமான துணிக்கீற்றைச் சோப்பு நீரில் நனைத்துக் கட்டி, மெல்ல இழுங்கள். முதல் இழுப்பில் வெளிவரும் துணியின் நிறத்தைக் கண்டால், மறுமுறை எவரும் சொல்லாமலே செய்வீர்கள்.

5. கடிமுனையைக் குழாய் நீரின் கீழ்ப் பிடித்து, பிளவு விரியுமாறு அமுக்கி, பழைய பல்துலக்கி ஒன்றை இதற்கென ஒதுக்கித் தேய்க்க.

6. வாடை இருந்தால், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, பையில் ஊற்றி அரை மணி நேரம் வைக்கலாம். அப்போது பையை மீண்டும் பூட்டி, உயரே பிடித்து, கடிமுனையை அமுக்கி, சோடா நீர் குழாய் முழுவதும் நிறையுமாறு செய்க. பின்னர் சோப்பின் சுவையோ சோடாவின் சுவையோ சிறிதுமின்றிப் பலமுறை அலசுக.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள். சோடாவுடன் எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ சேர்த்து உறையை மூடிவிடாதீர். பொங்கியெழும் வாயு பையைப் புடைக்கச் செய்யும். பிளீச்சிங் திரவத்துடன் இப்புளிப்புப் பொருள்களை ஒருபோதும் கலவாதீர்; நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகும். பிளீச்சிங் திரவத்தைப் பெரியோர் மட்டுமே, உற்பத்தியாளர் தரும் குறிப்பின்படி கையாள வேண்டும்.

உலர்த்துதலே உயிர்நாடி

கழுவுவதில் பாதி வெற்றி. உலர்த்துவதில் மீதி வெற்றி. நன்கு கழுவிய பையையும் ஈரத்தோடு மடித்து வைத்தால் முயற்சி யாவும் வீணே. உறையின் இரு பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. எனவே உள்ளே காற்றுப் புகுமாறு ஏதேனும் ஒன்றைக் குறுக்கே வைத்து, வாய் கீழ்நோக்கித் தொங்கவிட வேண்டும். நாங்கள் விடுதிச் சமையலறையிலிருந்து பெற்ற மரக்கரண்டிகளை வைக்கிறோம். முதலில் இதைக் கண்டு சமையல் அக்கா சிரித்தார். இப்பொழுது அவரே எடுத்துத் தருகிறார்.

குழாயை வெளியே கொண்டுசென்று, ஒரு முனையைப் பிடித்துச் சுழற்றினால் உள்ளிருக்கும் துளிகள் சிதறும். பின்பு உலர்ந்த துணிக்கீற்றை ஒருமுறை இழுத்துவிட்டு, இரு முனைகளும் திறந்திருக்க, நேராகத் தொங்கவிடுக. காற்றோட்டமுள்ள நிழலே ஏற்றது. நாள்கணக்கில் கடும் வெயிலில் கிடந்தால் நெகிழிப் பொருள் விறைத்துக் கெடும். மழைக்காலத்தில் முழுவதும் உலர இரண்டு நாள்கூட ஆகலாம். பொறுத்தார் பூமி ஆள்வார்!

எடுத்து வைக்கும் முறை

முற்றும் உலர்ந்த பின்பே எடுத்து வைக்க வேண்டும். மடித்துச் சுருட்டாமல், மூடியைச் சற்றுத் திறந்தபடி, தூசு படாத துணிப்பையில் தொங்கவிடுவது நன்று. வீட்டில் குளிர்பெட்டி இருப்போர், கழுவி வடித்த பையைச் சுத்தமான உறையிலிட்டு ஃபிரீசரில் வைப்பதும் உண்டு. குளிரில் கிருமிகள் பெருகுவதில்லை. ஆயினும் அவை அனைத்தும் இறந்துவிடுவதும் இல்லை. ஆதலால் ஃபிரீசர் கழுவுதலுக்கு ஈடாகாது. உறைந்திருக்கும்போது பையை வளைத்தால் வெடிக்கக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்க.

பயன்படுத்தும்போது

பையில் கொதித்து ஆறிய நீர் அல்லது நல்ல குடிநீர் மட்டுமே ஊற்றுக. குளுக்கோஸ், சர்பத், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைத் தனிப் புட்டியில் கொண்டு செல்க. ஒருவர் முனையை மற்றவர் வாயில் வைக்கலாகாது. நட்புக்கு வேறு அடையாளங்கள் பல உண்டு. வெயிலில் குழாய் நீர் சூடாகாதிருக்க, குடித்தபின் ஊதி நீரைப் பைக்குள் திருப்பும் பழக்கம் சிலரிடம் உள்ளது. அது வாயிலுள்ள கிருமிகளைப் பைக்குள்ளேயே அனுப்புவதாகும். அதற்குப் பதில் முதல் வாய் நீரை மண்ணில் விட்டுவிடலாம். கழுவிய பின்னும் குழாயில் கருமை நீங்காவிடில், இரக்கம் பாராமல் அதனை எறிந்துவிடுக. குழாயும் கடிமுனையும் தனியாகவும் விற்கப்படுகின்றன.

நீர்ப்பை இல்லாத தோழியர் "இது எமக்கன்று" எனப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். நாள்தோறும் பள்ளிக்குக் கொண்டுவரும் உறிஞ்சு குழல் வைத்த தண்ணீர்ப் புட்டியும் இதன் தங்கையே! அன்னையர் இன்றிரவே அதன் குழலைக் கழற்றி, மூடியிலுள்ள ரப்பர் வளையத்தையும் நெம்பியெடுத்துப் பார்ப்பார்களாக. அங்கே காண்பதைக் கண்டு வியப்படைய வேண்டாம், கழுவினால் போதும்.

எங்கள் தோழி மூன்று நாளில் நலமடைந்தாள். இவ்வாண்டு நாங்கள் அதே பாதையில் மீண்டும் சென்று, வெள்ளகவியை அடைந்து, மகிழ்வுடன் திரும்பினோம். இப்பொழுது எங்கள் பைகளில் ஒவ்வொன்றுக்கும் எண் இடப்பட்டுள்ளது. பயணத்திற்கு முன் ஒவ்வொரு குழாயையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகர்ந்து, "சரி" என்று சொல்லும் பொறுப்பை அவளே கேட்டுப் பெற்றுக்கொண்டாள். அவள் "சரி" என்று சொல்லாத பையில் எவரும் நீர் நிரப்புவதில்லை.

பாட்டி குடத்தைத் துலக்கிக் கவிழ்த்து வைத்ததன் பொருள் இப்போது எங்களுக்கு விளங்குகிறது. குடம் மாறினாலும் முறை மாறவில்லை. துலக்குவோம், கவிழ்ப்போம், உலர்த்துவோம், நலமுடன் வாழ்வோம்!