ஃபார்மட் போடுவதற்கு முன்

2017 மே 16 அன்று பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்தில், பணியாளர் பிரிவிலும் கணக்குப் பிரிவிலும் இருந்த சில கணினிகள் கோப்புகளைத் திறக்க மறுத்தன. எல்லாம் பூட்டப்பட்டுவிட்டது, 300 டாலரை பிட்காயினாகக் கட்டினால் திறந்துவிடுகிறோம் என்று திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று மிரட்டியது. முந்தைய நாள்தான் வயநாட்டில் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்துக் கணினிகளுக்கு இதே கதி. மே 12 அன்று இங்கிலாந்து மருத்துவமனைகளை முடக்கிய 'வானாக்ரை' வைரஸ் நாலே நாளில் பாலக்காட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே, அதாவது இரண்டு மாதம் முன்பே, வெளியிட்டிருந்தது. அப்டேட் போட்டவர்கள் தப்பித்தார்கள். 2014 ஏப்ரல் 8 அன்றே ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கு அந்தப் பேட்ச் அப்போது பொதுவில் கிடைக்கவில்லை. தாக்குதல் தொடங்கிய பிறகுதான் விதிவிலக்காகக் கொடுத்தார்கள். பின்னால் ஆராய்ந்தபோது, அதிகம் மாட்டியவை எக்ஸ்பி அல்ல, அப்டேட் போடாத விண்டோஸ் 7 என்று தெரியவந்தது. எக்ஸ்பி பல இடங்களில் நீலத்திரை காட்டிப் படுத்துக்கொண்டதால் தப்பியதாம். ஆகவே பழசு என்பது மட்டும் குற்றமில்லை. பேட்ச் வராத கணினியை இணையத்தில் மாட்டி வைப்பதுதான் ஆபத்து.

கேரளத்தில் தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மறையூர், வண்டிப்பெரியாறு பக்கத்து டிடிபி கடைகளிலும் வீடுகளிலும் எக்ஸ்பி கணினிகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பில் அடிக்கவென்றே மூலையில் ஒரு விண்டோஸ் 98 பெட்டியை வைத்திருப்பவர்களும் உண்டு. வைத்துக்கொள்ளட்டும், நெட் வயரை மட்டும் பிடுங்கிவிட வேண்டும். எப்போதாவது நெட்டில் மாட்டினாலும் அதில் வங்கிக் கணக்கைத் திறக்கவே கூடாது. 2025 அக்டோபர் 14க்குப் பிறகு விண்டோஸ் 10க்கும் வழக்கமான ஆதரவு நின்றுவிட்டதால், நேற்றுவரை புதுசாகத் தெரிந்த பல கணினிகளும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டன.

பெட்டிக்குள் என்ன கிடக்கிறது என்பதைப் பார்த்தால் விஷயத்தின் கனம் புரியும். நிலப் பட்டயத்துக்குக் கொடுத்த மனு, எஸ்டேட் சர்வீஸ் புத்தகத்தின் ஸ்கேன், தாத்தாவின் பழைய சம்பளச் சீட்டு. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போகும் தமிழ்க் குடும்பங்களிடம், 1950க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பது வழக்கம். மூலக் காகிதம் கரையானுக்குப் போன வீட்டில் அந்த ஸ்கேன்தான் மிச்சம். இந்த நிலையில் 'ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்' என்று கடையில் சொல்லும்போது தலையாட்டக் கூடாது. பழைய கணினிகளின் பல கோளாறுகளுக்கு ஃபார்மட் தேவையே இல்லை.

கணினியை ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பல வருஷம் பின்னால் போகிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. விலை ஐம்பது ரூபாய்க்குள்தான். தேதி தவறினால் இணையதளங்கள் 'பாதுகாப்புச் சான்று செல்லாது' என்று அடம்பிடிக்கும். அதை வைரஸ் என்று சொல்லிப் பணம் கறக்கும் கடைகளும் உண்டு. கறுப்புத் திரையில் 'என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்றோ, டாஸ், 98 காலத்துப் பெட்டியானால் 'நான் சிஸ்டம் டிஸ்க்' என்றோ வந்தால், முதலில் குத்தியிருக்கும் பென்டிரைவையும் உள்ளே மறந்துவிட்ட ஃப்ளாப்பியையும் எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். கணினி ஹார்டு டிஸ்க்கை விட்டுவிட்டு அவற்றில் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கலாம். போட்டவுடன் பீப் பீப் என்று கத்தி, திரையில் ஒன்றுமே வராவிட்டால் பெரும்பாலும் ரேம்தான். மழைக்காலத்து ஈரத்தில் அதன் தங்கநிறக் கால்கள் மங்கிவிடும். கரண்டைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து மறுபடி மாட்டுவது எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த வைத்தியம்.

பழைய விண்டோஸ் பாதியில் நின்றால், தொடக்கத்தில் எஃப் 8 விசையை அழுத்தி சேஃப் மோடில் நுழைந்து பார்க்கலாம். கடைசியாகப் போட்ட டிரைவரையோ மென்பொருளையோ அங்கிருந்தே நீக்கிவிடலாம். விண்டோஸ் 95, 98 இரண்டிலும் ஒரு விசித்திரக் கோளாறு இருந்தது: அணைக்காமல் 49 நாளும் 17 மணி நேரமும் ஓடினால், மில்லி விநாடியை எண்ணும் உள்கணக்கு நிரம்பி கணினி உறைந்துவிடும். அத்தனை நாள் கரண்ட் போகாமல் இருந்தால்தானே! இடுக்கி மலையில் யாரும் இதைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் மட்டும் கதை வேறு. உடனே அணைத்துவிடுங்கள். ஸ்கேன்டிஸ்க், செக்டிஸ்க் எதையும் ஓட்டாதீர்கள். ஓட்ட ஓட்ட மிச்சமும் போகும். சத்தம் இல்லாமல் விண்டோஸ் மட்டும் ஏறவில்லை என்றால் கோப்புகள் அநேகமாகப் பத்திரமாகவே இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாக வேறு கணினியில் மாட்டியோ, லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்தோ எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடலாம். இதைச் செய்யத் தெரியாத கடைக்காரரிடம் பெட்டியைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

தமிழ்க் கோப்புகளுக்கு மட்டும் தனியாக ஒரு தொல்லை உண்டு. விண்டோஸ் 98க்கு யூனிகோட் தமிழ் தெரியாது. பாமினி, டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்த காலம் அது. அந்தக் கோப்பைப் புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பழைய கணினியின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து நகலெடுங்கள். பெட்டி உயிரோடு இருக்கும்போதே ஒரு தாளில் அச்சடித்து வைத்துக்கொண்டால், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் யூனிகோடாக்கும்போது சரிபார்க்க உதவும். எக்ஸ்பியில் யூனிகோட் தமிழ் கட்டம் கட்டமாகவோ கொம்பும் காலும் பிரிந்தோ தெரிந்தால், கன்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குள் போய் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். எக்ஸ்பி சிடி கேட்கும்; அதைத் தொலைக்காதீர்கள்.

துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாதங்களில் மதியம் 2 மணி முதல் இரவு 10 மணி வரை இடி மின்னலில் கவனமாக இருக்கும்படி கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கும். ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக்கையும், தொலைபேசி வழி இணையம் வைத்திருந்தால் அந்த வயரையும் சேர்த்து உருவ வேண்டும். மோடமும் மதர்போர்டும் சேர்ந்து கருகுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது வயர் வழியாகத்தான்.

கேரள எல்லைக்காரர்கள் கணினி வாங்குவதும் பழுது பார்ப்பதும் கோயம்புத்தூரில், பொள்ளாச்சியில், போடியில், கம்பத்தில். ஏமாந்தால், 'வேறு ஸ்டேட்டில் போய் யார் கேஸ் நடத்துவது' என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே போகத் தேவையே இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போட வழி செய்கிறது. பொள்ளாச்சிக் கடைக்காரர் பாலக்காட்டுக்கு வந்துதான் பதில் சொல்ல வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பார்க்கலாம். பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும். பிழைப்புக்காகச் சொந்தமாக ஒரு சின்ன டிடிபி கடை நடத்துபவரும் இந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். 'நீ வியாபாரி, உனக்கு இது பொருந்தாது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பில் தராததே அந்தச் சட்டத்தில் நேர்மையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் வாங்கப்படமாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. கணினியைக் கொடுக்கும்போது சீட்டில் மூன்று விஷயம் இருக்கட்டும்: என்ன கோளாறு; ரேம், ஹார்டு டிஸ்க் அளவும் சீரியல் எண்ணும்; 'கேட்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது' என்று ஒரு வரி. இந்த மூன்றாவது விஷயம்தான் பின்னால் வழக்கை நிலைநிறுத்தும்.

கடைக்காரர் நம் கோப்புகளைத் துழாவி நகலெடுத்தால்? அனுமதியின்றி எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவின் கீழ் நஷ்ட ஈடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 வருஷம் வரை சிறை. ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லாமல் பரப்பினால் 66இ. சம்பவம் கோயம்புத்தூரில் நடந்திருந்தாலும் கொழிஞ்சாம்பாறை ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, எல்லை எங்கே என்று பார்க்காமல் புகாரைப் பதியச் சொல்கிறது. 'உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று திரையில் கத்தும் விளம்பரத்தை நம்பிப் பணம் போய்விட்டதென்றால் நேரே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

நம் பக்கத்துத் தப்பையும் சொல்ல வேண்டும். கடையில் 'எல்லாம் போட்டுத் தருகிறேன்' என்று ஏற்றித் தரும் திருட்டு விண்டோஸைத் தெரிந்தே பயன்படுத்துவது, பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி குற்றம். 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறையும் 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. முறையாக வாங்கிய மென்பொருளைப் பாதுகாப்புக்காக ஒரு நகல் எடுத்து வைக்க அதே சட்டம் அனுமதிக்கிறது. கேரளத்தில் இருப்பவர்களுக்குத் திருட்டு விண்டோஸ் தேவையே இல்லை என்பேன். பள்ளிகளுக்காகக் கேரள அரசின் கைட் நிறுவனம் தரும் லினக்ஸ் இலவசம், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். தமிழ் மீடியத்துக்கும் ஐடி பாடப்புத்தகம் தமிழிலேயே வருகிறது. மூணாறில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை ஓட்டத் தெரியும், அப்பாவுக்குத்தான் பயம். மிகப் பழைய பெட்டி அதைத் தாங்காது என்றால் லேசான லினக்ஸ் வகைகளும் இருக்கின்றன.

இனி ஆகாது என்று முடிவு செய்த பெட்டியை பழைய சாமான் வாங்கும் ஆக்கர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். மின்கழிவை ஹரித கர்ம சேனையும் கிளீன் கேரளா கம்பெனியும் சேகரிக்கின்றன. கொடுப்பதற்கு முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். குப்பைத் தொட்டியைக் காலி செய்வதாலும் விரைவு ஃபார்மட்டாலும் கோப்பு உண்மையில் அழிவதில்லை, மீட்டுவிட முடியும்.

புகாரை எந்த மொழியில் எழுதுவது என்று தயங்குபவர்கள் இங்கே நிறைய. 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிகள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்கிறது. மனுவின் தலைப்பில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதி, முத்திரையிட்ட ரசீதை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.