ஆசனப் பட்டியும் காற்றுப் பையும்: வாகனப் பாதுகாப்பின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

வீதி விபத்துகள் பற்றிய செய்திகள் எழுதப்படும் முறையை நோக்கின் அவற்றிடையே ஒரு பொதுப் பண்பு புலப்படும். சாரதி கவனயீனமாக இருந்தார், வாகனம் கட்டுப்பாட்டை இழந்தது என்பனவற்றோடு செய்தி முடிந்துவிடுகின்றது. வாகனம் எவ்வாறு ஆக்கப்பட்டிருந்தது, அதனுள் இருந்தோரின் உடல் எதிலே சென்று மோதியது ஆகிய வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. குற்றம் எப்பொழுதும் தனிமனிதனுக்குரியது என்னும் இவ்வெண்ணம் இயல்பானதாகவே தோன்றுகின்றது. ஆனால் இயல்பானவையாகத் தோன்றும் எண்ணங்களுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஆசனப் பட்டி, காற்றுப் பை என்னும் இரு சாதனங்களின் வழியாக நோக்குவதே எமது நோக்கமாகும். ஐக்கிய அமெரிக்காவையே இங்கு முதன்மையாகக் கொள்கின்றோம். மோட்டார் முதலாளித்துவம் மிகப் பெரிதாக வளர்ந்த நாடு அது என்பது ஒரு காரணம். கம்பனிகளுக்கும் அரசுக்கும் இடையே நிகழ்ந்த பேரங்கள் அங்கு ஆவணங்களாகப் பெருமளவு வெளிவந்துள்ளன என்பது மற்றொன்று.

முதலில் மோதலின் பௌதிகத்தைச் சுருக்கமாக விளங்கிக்கொள்ளுதல் அவசியம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் ஒன்று சுவரில் மோதுவதாகக் கொள்வோம். அதன் முன்பகுதி நசுங்க, ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் தூரத்துள் கார் நின்றுவிடுகின்றது. இது முதலாவது மோதல். ஆனால் உள்ளே இருப்பவர் ஆசனத்தோடு பிணைக்கப்படாதவராயின் அவருடைய உடல் காரோடு சேர்ந்து நிற்பதில்லை. அது முன்னிருந்த வேகத்திலேயே சென்று சுக்கானிலோ கண்ணாடியிலோ மோதி, ஐந்தாறு சென்ரிமீற்றருக்குள் நிற்கின்றது. இது இரண்டாவது மோதல். உயிரைக் கொள்வது பெரும்பாலும் இவ்விரண்டாவதே. பத்து மீற்றர் உயரமான மாடியிலிருந்து வீழ்பவர் நிலத்தை அடையும் வேகமும் இதுவேயாகும். 60 சென்ரிமீற்றரில் நிற்கும் உடல் தன் நிறையைப் போல் 16 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். ஐந்து சென்ரிமீற்றரில் நிற்கும் உடலோ ஏறக்குறைய 200 மடங்கைத் தாங்க வேண்டும்.

பட்டி செய்வது யாது? காரின் முன்பகுதி நசுங்கும் அந்த 60 சென்ரிமீற்றரில் பயணிக்கும் ஒரு பங்கைப் பெற்றுக் கொடுக்கின்றது, அவ்வளவே. அத்தோடு விசையை இடுப்பெலும்பு, மார்புக் கூடு, தோளெலும்பு ஆகிய வலிய பகுதிகளிற் பரப்பிவிடுகின்றது. காற்றுப் பை பட்டிக்கு மாற்றன்று. மோதலை உணர்ந்து, கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்த நேரத்துள் வாயுவால் ஊதி விரிந்து, பட்டியால் தடுக்க முடியாத தலையும் கழுத்தும் வேகமிழப்பதற்கு அது இடமளிக்கின்றது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, காரின் முன் ஆசனத்திலிருப்போருக்கு மூன்று முனைப் பட்டி மரண அபாயத்தை ஏறத்தாழ 45 வீதம் குறைக்கின்றது. பை மாத்திரமாயின் 14 வீதம். இரண்டும் சேரின் 50 வீதம். இவ்வெண்களை வாசகர் நினைவிற் கொள்வது நன்று. பின்னர் வரும் விவாதத்தில் இரு தரப்பினருமே இவற்றைத் தத்தம் வசதிக்கேற்ப மறந்தார்கள்.

இந்த அறிவு கார்களின் உலகிலிருந்து பிறக்கவில்லை, போரின் உலகிலிருந்தே வந்தது. முதலாம் உலகப் போரில் விமானப் பயிற்சியின்போது விபத்துக்குள்ளாகி உயிர் தப்பிய ஹியூ டிஹேவன், பல மாடிகளிலிருந்து வீழ்ந்தும் பிழைத்தவர்களை ஆராய்ந்து 1942 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உடலைச் சிதைப்பது வேகமன்று, அது நிறுத்தப்படும் முறையே என்பது அவர் கண்ட முடிவு. 1954 டிசம்பரில் விமானப்படை மருத்துவரான ஜோன் ஸ்ராப் றொக்கற் வண்டி ஒன்றிலே தம்மைத்தாமே பிணைத்துக்கொண்டு மணிக்கு 1,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திலிருந்து திடீரென நின்று, தன் நிறையின் 46 மடங்கு விசையைத் தாங்கி உயிருடன் எழுந்தார். சுவீடனில் நில்ஸ் போலின் சாப் விமானக் கம்பனியில் விமானியை வெளியே எறியும் ஆசனங்களை அமைத்தவர். 1958 இல் வொல்வோவிற் சேர்ந்து, இடுப்பையும் மார்பையும் ஒரே நாடாவாற் பிணைத்து ஒரு கையாலேயே மாட்டத்தக்க மூன்று முனைப் பட்டியை ஆக்கினார். (மனிதரை ஆசனத்தோடு வெளியே எறியக் கற்றவரே அவர்களை ஆசனத்தில் இருத்திவைக்கவும் கற்பித்தார் என்பது விநோதமான பொருத்தந்தான்.) 1959 இல் அப்பட்டி வொல்வோ கார்களில் வந்தது. 1967 இல் போலின் சுவீடனில் நிகழ்ந்த 28,000 விபத்துகளை ஆராய்ந்து அதன் பயனை நிறுவினார்.

வொல்வோ இவ்வமைப்பின் காப்புரிமையைப் பிற கம்பனிகளும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. இதனை வெறும் பெருந்தன்மை எனவோ வெறும் விளம்பரம் எனவோ கொள்வதற்கில்லை. எமக்கு முக்கியமானது வேறொன்று: 1959 இன் பின்னர் அறிவும் இருந்தது, பொருளும் இருந்தது, அதற்குக் கூலி கேட்பாரும் இல்லை. அவ்வாறிருந்தும் அமெரிக்கக் கார்களின் முன் ஆசனங்களில் இடுப்பையும் தோளையும் பிணைக்கும் பட்டிகள் பொதுவாக இடம்பெற்றது 1968 இல், அதுவும் சட்டத்தின் கட்டாயத்தால். தடையாக இருந்தது அறியாமையன்று என்பது இதனாற் பெறப்படும். போட் கம்பனி 1956 இல் பட்டிகளையும் மெத்தையிட்ட டாஷ்போர்ட்டையும் மேலதிக விலைக்கு விற்றுப் பார்த்தது. பாதுகாப்பு விற்பனையாகாது என்பது அதன்பின் அத்துறையில் வழங்கிய முதுமொழியாயிற்று. பண்டமாக விலைப்படாத பயன்மதிப்பு உற்பத்திக்கு வெளியே தள்ளப்படும் என்னும் விதியின் எடுத்துக்காட்டாகவே இதனைக் கொள்ளலாம். காரின் நீளமும் பளபளப்பும் ஆண்டுதோறும் மாற, அதனுள் இருப்பவனின் நெஞ்சுக்கெதிரே ஈட்டிபோல் நின்ற சுக்கான் தண்டு மாத்திரம் மாறாதிருந்தது.

மாற்றம் வெளியிலிருந்தே வந்தது. 1965 இல் இளம் வழக்கறிஞரான றல்ஃப் நேடர் கார்களின் அமைப்பையே குற்றக் கூண்டில் ஏற்றி ஒரு நூலை வெளியிட்டார். ஜெனரல் மோட்டேர்ஸ் அவரைத் துப்பறிவாளர் கொண்டு பின்தொடர்ந்தமை அம்பலமாகி, 1966 மார்ச்சில் அக்கம்பனியின் தலைவர் செனற் குழுவின்முன் மன்னிப்புக் கோர நேர்ந்தது. அவ்வாண்டு அந்நாட்டு வீதிகளில் ஏறத்தாழ 51,000 பேர் மாண்டனர். செப்டெம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதனைச் செயற்படுத்த அமைந்த நிறுவனத்தின் முதற் தலைவராகப் பொதுச் சுகாதார மருத்துவரான வில்லியம் ஹாடன் நியமிக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்குமாறு ஊர் முழுவதற்கும் உபதேசிப்பதிலும் கிணற்றைத் தூய்மையாக்குவது மேல் என்பது சுகாதாரத் துறையினர் அறிந்த பாடம். ஹாடன் அதனையே காருக்குப் பொருத்தினார். பயணி எதுவும் செய்யாமலே அவரைக் காக்கும் சாதனம் வேண்டும் என்ற இக்கோரிக்கையிலிருந்துதான் காற்றுப் பை அரசியற் பொருளாகின்றது. பையின் கருத்துப் புதிதன்று. ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் 1953 இலேயே அதற்குக் காப்புரிமைகள் வழங்கப்பட்டிருந்தன.

1971 ஏப்ரல் 27 அன்று இரண்டாம் ஹென்றி போட்டும் லீ ஐயகொக்காவும் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி நிக்சனைச் சந்தித்தனர். பாதுகாப்பு விதிகள் விலையை உயர்த்திப் போட்டியில் தம்மை வீழ்த்தும் என்பது அவர்கள் வாதம். நிக்சன் தமது அறையில் தாமே பொருத்தியிருந்த ஒலிப்பதிவுக் கருவி அவ்வுரையாடலைப் பதிந்து வைத்திருந்தமையால் அது பின்னாளில் வெளிவந்தது. ஆளும் வர்க்கத்தின் உரையாடல்கள் ஆய்வாளருக்கு இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது அரிது. காற்றுப் பை விதி பின்போடப்பட்டது. அதற்கீடாக 1974 ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் பட்டியை மாட்டினாலன்றி இயந்திரம் இயங்காத பொறி இடம்பெற்றது. மக்கள் வெறுத்தனர், அவ்வாண்டு ஒக்ரோபரில் காங்கிரஸ் அப்பொறியைக் கட்டாயப்படுத்துவதையே தடைசெய்தது. ஜெனரல் மோட்டேர்ஸ் 1974 முதல் 1976 வரை ஏறத்தாழ 10,000 கார்களைப் பைகளோடு விற்று, பின்னர் கைவிட்டது. காட்டர் ஆட்சியில் 1977 இல் மீண்டும் எழுந்த விதியை றேகன் ஆட்சி 1981 இல் நீக்கியது. நீக்கியமை நியாயமற்றது என 1983 ஜூனில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பனிகள் பைக்கு எதிராக நடத்தியதைப் போருக்கு ஒப்பிட்டவர்கள் மார்க்சியர் அல்லர்; அந்நீதிபதிகளே.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் மிகச் செறிவான பகுதி. 1984 ஜூலையில் போக்குவரத்துச் செயலாளர் எலிசபெத் டோல் ஓர் ஏற்பாட்டை அறிவித்தார். காற்றுப் பையோ தானாக மாட்டிக்கொள்ளும் பட்டியோ படிப்படியாகக் கட்டாயமாகும். ஆனால் நாட்டின் சனத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கினர் வாழும் மாநிலங்கள் 1989 ஏப்ரலுக்கு முன்னர், பட்டி மாட்டாத பயணியைத் தண்டிக்கும் சட்டங்களை இயற்றுமாயின் அவ்விதி நீக்கப்படும். அதாவது, சட்டத்தாற் கம்பனியைக் கட்டுவதா அன்றிச் சட்டத்தாற் பயணியைக் கட்டுவதா என்னும் தெரிவு முன்வைக்கப்பட்டது. அதுவரை பாதுகாப்பில் ஆர்வங் காட்டாத மோட்டார்க் கம்பனிகள் திடீரென மாநிலந்தோறும் பட்டிச் சட்டம் கோரிப் பெரும் பணம் செலவிட்டு இயக்கம் நடத்தின. தனிமனித சுதந்திரத்தின் காவலர்களாக அதுகாறும் பேசியோரே தனிமனிதனுக்குத் தண்டம் விதிக்கக் கோரியதை அவதானித்தல் வேண்டும். அவர்கள் கருத்துநிலை மாறவில்லை. செலவு யார் தலையில் விழும் என்பதே அதன் நிலைத்த உள்ளடக்கம். பல மாநிலச் சட்டங்கள் டோல் விதித்த நிபந்தனைகளுக்கு அமையாமையால் கம்பனிகளின் கணக்குப் பிழைத்தது. ஐயகொக்கா 1984 இல் வெளிவந்த தமது சுயசரிதையிலும் பையை எதிர்த்துப் பட்டிச் சட்டத்தையே ஆதரித்தவர். ஆயினும் அவரே தலைமை வகித்த கிறைஸ்லர், 1990 அளவில் தன் அமெரிக்கக் கார்களிலெல்லாம் சாரதிக்குப் பையை அமைத்து, அதனையே விளம்பரமாக்கியது. பாதுகாப்பு விற்பனையாகத் தொடங்கிவிட்டது. 1991 இன் சட்டப்படி 1998 ஆம் ஆண்டு மாதிரி முதல் எல்லாக் கார்களிலும் முன் ஆசனம் இரண்டுக்கும் பை கட்டாயமாயிற்று.

இவ்விடத்து முற்போக்காளர் சிலரிடையே காணப்படும் ஒரு போக்கைக் கண்டித்தல் வேண்டும். பட்டிச் சட்டம் கம்பனிகளின் நலனிலிருந்து எழுந்தமையால் அச்சட்டமே மோசடி எனக் கொள்வது இயந்திரப் பாங்கான சிந்தனையாகும். ஆஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம் 1970 இலேயே பட்டி அணிவதைக் கட்டாயமாக்கிற்று. பிரித்தானியாவில் 1983 இல் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலோ 1984 இல் பட்டி அணிந்தோர் 14 வீதத்தினரே. 45 வீதமும் 14 வீதமும் என நாம் முன்னர் காட்டிய எண்களை நோக்கின், பட்டியே முதன்மையானது என்ற ஐயகொக்காவின் கூற்று, அவர் எந்நோக்குடன் கூறியிருப்பினும், தவறன்று.

சீர்திருத்தத் தரப்பினர் இழைத்த பிழைக்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகள். பட்டி அணியாதவரையும் பை காக்கும் என்ற வாக்குறுதிக்கேற்ப, பட்டி அணியாத சராசரி ஆணொருவரை மணிக்கு 48 கிலோமீற்றர் மோதலில் தடுத்து நிறுத்தக்கூடியதாகப் பை இருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. அந்தச் சராசரி ஆண் 175 சென்ரிமீற்றர் உயரமும் 78 கிலோகிராம் நிறையுமுள்ள ஒரு பொம்மை. அவ்வுடலை நிறுத்தத்தக்க வேகத்தில் வெடித்து விரிந்த பை, அதற்கு அருகில் இருந்த சிறு குழந்தைக்கும் சுக்கானை அண்டி அமரும் குள்ளமான பெண்ணுக்கும் எமனாயிற்று. 1990 முதல் 2008 வரை, உயிர் தப்பியிருக்கக்கூடிய மெதுவான மோதல்களில், 290 க்கு மேற்பட்டோர் பையாலேயே மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பட்டி அணியாதோர் அல்லது சரியாக அணியாதோர். 1997 இல் பையின் விசையைக் குறைக்க அனுமதி வழங்கப்பட்டது. சிறிய பெண்ணையும் குழந்தைகளையும் ஒத்த பொம்மைகளைக் கொண்டும் சோதிக்க வேண்டும் என்ற விதி 2000 இலேயே வந்தது. அந்தச் 'சிறிய பெண்' உண்மையில் ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்தது. பட்டி அணிந்த பெண் சாரதிகள் கடுங்காயமடையும் வாய்ப்பு, ஒத்த மோதலில் ஆண்களிலும் 47 வீதம் அதிகம் என 2011 இல் வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வொன்று கண்டது. சராசரிப் பெண்ணின் உடலமைப்பைக் கொண்ட சோதனைப் பொம்மை 2022 இற்றான் சுவீடனில் அஸ்ற்றிட் லின்டர் என்னும் ஆய்வாளரின் குழுவினரால் வெளிக்காட்டப்பட்டது.

இறுதியாக, பை இலாபந்தரும் பண்டமாகிய பின்னர் நிகழ்ந்ததையும் கூறியாக வேண்டும். ஜப்பானியக் கம்பனியான தக்காட்டா, பையை ஊதும் வாயுவை எழுப்புதற்கு மலிவான அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரலிப்பும் மாறிமாறித் தாக்க, அவ்வெடிபொருள் ஆண்டுகள் செல்லச் செல்ல உருக்குலைந்து அளவுக்கு மீறிய விசையோடு வெடித்தது. உலோகக் கூடு சிதறி, காக்க வந்த பையினூடாகவே துண்டுகள் கழுத்தையும் முகத்தையும் துளைத்தன. அமெரிக்காவில் மாத்திரம் ஏறத்தாழ 67 மில்லியன் ஊதிகள் மீளப்பெறப்பட வேண்டியவையாயின. சோதனை முடிவுகளைத் திரித்தமை தொடர்பில் கம்பனி 2017 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒரு பில்லியன் டொலர் செலுத்த இணங்கி, ஜூனில் வங்குரோத்து நிலையை அறிவித்தது. அமெரிக்காவுக்கு வெளியே மலேசியாவிலும் பலர் மாண்டனர். முதற் சொந்தக்காரரிடமிருந்து இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் கைமாறிய பழைய கார்களில், மீளப்பெறும் அறிவித்தல் முன்னாள் உரிமையாளரின் முகவரிக்குச் செல்ல, ஊதி மாத்திரம் சுக்கானுள் இருந்தபடியே இருந்தது.